திருமணிமுத்தாறு தொடங்கும் இடத்தை மகளுக்குக் காட்ட வேண்டும்

வணக்கம். சேலத்தில் பத்து வயது மகளுக்கு வீட்டிலேயே புவியியல் சொல்லித்தருகிறேன். வரைபடத்தில் படித்த இடத்தை நேரில் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் முறை.

இப்போது திருமணிமுத்தாறு. நகருக்குள் அது சாக்கடையாகக் கிடப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்; சேர்வராயன் மலையில் அது தெளிந்து இறங்குவதையும் பார்த்தாக வேண்டும். குழந்தையோடு பாதுகாப்பாகப் போக எந்தப் பாதை நல்லது?

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கோடுகள் நெருங்கும் சரிவில்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வருகின்றன என்று விரல் வைத்துக் காட்ட ஆசை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தருபவர் இங்கே உண்டா?

பாறை, ஆறு பற்றிச் சிறுவர்களுக்கான தமிழ் நூல்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். மழைக்கு முன் போய்வர நினைக்கிறோம்.