ஒரே நஞ்சுக்கொடி (பிளசென்டா), இரட்டைக் குழந்தை, 30 வாரம்: எங்கே பார்ப்பது, என்ன தயார் வைப்பது?

தேனிக்காரன்:
மனைவிக்கு 30 வாரம் 4 நாள். இரட்டை. நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு, ஸ்கேனில் எம்.சி.டி.ஏ. என்று போட்டிருக்கு. போன வார எடை 1450 கிராம், 1180 கிராம். சர்க்கரைக்கு இன்சுலின் போகுது, பி.பி. 130/84. பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் "வலி வந்தா வாங்க, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அங்கே இன்குபேட்டர் ஒன்றுதான். க.விலக்கு மருத்துவக் கல்லூரி 40 நிமிஷம், மதுரை இரண்டு மணி நேரம். குழந்தைகளின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியை இப்பவே போட்டுடலாமா? எதற்கெல்லாம் உடனே ஓடணும்? எடை வித்தியாசம் பயப்படுற அளவா?

லேபர்வார்டு_அக்கா:
தம்பி, முதல்ல இடத்தை முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஒரு இன்குபேட்டர் இருக்கிற இடத்தில் இரட்டைப் பிரசவம் வேண்டாம். பிறந்த பிறகு ஒரு குழந்தையை மட்டும் மதுரைக்கு ஏத்தினா, தாய் ஒரு ஊர், பிள்ளை ஒரு ஊர், பால் யாருக்குன்னு ஆயிடும். 108-ல் இன்குபேட்டர் வச்ச வண்டி உண்டுதான். ஆனா 1200 கிராம் பிள்ளைக்கு அம்மா வயிறை விடப் பாதுகாப்பான வண்டி கிடையாது. மாத்தறதா இருந்தா வயித்துல இருக்கும்போதே மாத்தணும். இந்த வாரமே க.விலக்குல போய்ப் பதிஞ்சு, முழு ஃபைலையும் காட்டுங்க. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "ஒரே நேரத்துல ரெண்டு பிள்ளைக்கும் சிபேப் (மூச்சுக்குக் காற்றழுத்தம் தர்ற கருவி), வென்டிலேட்டர் கிடைக்குமா?" இல்லைன்னா அவங்களே மதுரைக்கு எழுதித் தருவாங்க.

ஊசி: சும்மா முன்கூட்டிப் போட்டு வைக்கிற தடுப்பூசி இல்ல இது. பீட்டாமெத்தசோன்னா 12 மி.கி., 24 மணி நேரம் விட்டு ரெண்டு. டெக்சாமெத்தசோன்னா 6 மி.கி., 12 மணிக்கு ஒண்ணா நாலு. பலன் நல்லா இருக்கிறது முதல் ஊசி போட்டு 24 மணியிலிருந்து ஏழு நாள் வரை. இன்னைக்குப் போட்டுட்டு 34-ல் பிரசவம்னா அதோட பலன் பெரும்பாலும் போயிருக்கும். வலியோ, நீர்க்கசிவோ, டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்) கோளாறோ தெரிஞ்சதும் போடறதுதான் கணக்கு. உங்க வீட்டுல சர்க்கரை இருக்கிறதால இன்னொண்ணு: ஊசிக்கப்புறம் சில நாள் சர்க்கரை எகிறும், இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டி வரும். அதனால வார்டுல படுத்துப் போட்டுக்கறதுதான் சரி. 32 வாரத்துக்கு முன்னாடியே பிரசவம்னா பிள்ளைங்க மூளைக்காக மெக்னீசியமும் ஏத்துவாங்க. உடம்பெல்லாம் குப்புன்னு சூடாகும், பயப்பட வேண்டாம். நர்ஸ் வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பாங்க. மருந்து அளவு மீறினா முதல்ல போறது அந்தத் துள்ளல்தான்.

உடனே கிளம்ப வேண்டியது: வயிறு கல்லு மாதிரி இறுகி விடுறது மணிக்கு நாலு தடவைக்கு மேல், ஒழுங்கா வந்தா. இரட்டையில் சும்மாவே அடிக்கடி இறுகும், அதனால கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்க. ரெண்டு நாள்ல வயிறு திடீர்னு பெருத்து மூச்சு முட்டினா, ஒரே நஞ்சுல ரத்தம் ஒரு பக்கமாப் பாயற கோளாறா இருக்கலாம், அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காதீங்க. பி.பி. 140/90 தாண்டினா அன்னைக்கே காட்டணும். 160/110, விடாத தலைவலி, கண்ணு மினுக்கல், மேல் வயித்து வலின்னா நேரா வண்டிதான். அசைவு குறைஞ்சாலும் அப்படியே. உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில அரிச்சா சேத்துப்புண்ணுன்னு விடாம, பித்த அமில ரத்தப் பரிசோதனை கேளுங்க.

பனிக்குடம் உடைஞ்சா வெள்ளை பேட் வச்சு நிறம் பாருங்க, இடது பக்கம் சாய்ஞ்சே வரணும். தொப்புள்கொடி வெளியே தெரிஞ்சா உள்ளே தள்ளாதீங்க. முட்டி போட்டு, தலை தாழ்ந்து, இடுப்பு உயர்ந்து இருக்கட்டும், 108 கூப்பிடுங்க.

ஸ்கேன்கணக்கு:
எடை வித்தியாசத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 1450-லிருந்து 1180 போனால் 270. அதை 1450-ஆல் வகுத்தால் 18.6 சதவீதம். 20-ஐத் தொட்டால் ஸ்கேன் இடைவெளி குறையும், 25 என்றால் பெரிய மையத்தில்தான் பார்க்க வேண்டும். ஆக, எல்லைக்கு ஓரமாக நிற்கிறீர்கள். ஒரே நஞ்சு என்றால் 16 வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ரிப்போர்ட்டில் எடை மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பனிநீரின் ஆழம், சிறுநீர்ப்பை தெரிகிறதா, தொப்புள்கொடி டாப்ளர், மூளை ரத்தக்குழாய் டாப்ளர் நான்கும் வேண்டும். ஒன்றுக்கு 2 செ.மீ.க்குக் கீழே, மற்றதற்கு 10 செ.மீ.க்கு மேலே நீர் என்றால் அதுதான் அக்கா சொன்ன கோளாறு. எல்லாம் சரியாகப் போனாலும் 36 வாரத்தில் எடுத்துவிடுவார்கள், 40 வரை விடமாட்டார்கள்.

பழையபேட்டை:
ஏழாம் மாசம் பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசம்தான் ஆகாது என்பார்களே? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கிட்டுச் செய்யுங்க.

சங்குப்பால்:
அது சொலவடை, கணக்கு இல்லை. ஒவ்வொரு வாரம் கூடுதலாக உள்ளே இருந்தாலும் நுரையீரலுக்கு லாபம். 34 வாரக் குழந்தை 30 வாரக் குழந்தையை விடப் பொதுவாக நன்றாகத் தேறும்.

குழந்தைகள் வார்டுப் பக்கம் நடப்பது இது. 34 வாரத்துக்கு முன் சப்பி, விழுங்கி, மூச்சு விடுவது மூன்றும் சேர்ந்து வராது. அதனால் குழாய் வழியாகப் பால், பிறகு பாலாடை, கடைசியில்தான் மார்பு. பெரும்பாலும் தவறுவது தாய்ப்பால் தொடங்கும் நேரம். குழந்தை வார்டுக்குள்ளே தனியாக இருக்கிறதே என்று இரண்டு நாள் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பால் ஊறுவதில்லை. பிறந்த முதல் மணி நேரத்திலேயே, தாமதமானாலும் ஆறு மணி நேரத்துக்குள், கையால் பிழியத் தொடங்க வேண்டும். முதலில் மஞ்சளாக நாலு சொட்டுதான் வரும். 1 மில்லி சிரிஞ்சில் அதை உறிஞ்சி, தாய் பெயர், ட்வின் 1 அல்லது ட்வின் 2, தேதி, நேரம் எழுதி ஒட்டிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, அதில் ஒன்றாவது நடு இரவில்.

நிலைமை அனுமதித்ததும் கங்காரு பராமரிப்பு: தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும் போட்டு, வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டுவது. ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம். இரட்டைக்கு அப்பாவின் மார்பும் வேண்டும், முன்பட்டன் சட்டை இரண்டு எடுத்து வையுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் கீழோ பிறந்தால் 30-ஆம் நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் இதை மறந்துவிடுகிறார்கள், பார்வையே போன குழந்தைகள் உண்டு.

தேனிக்காரன்:
திங்கள் காலை க.விலக்கு போறோம். பேப்பர், ரத்தம் விஷயம்?

லேபர்வார்டு_அக்கா:
பிக்மி எண் (அரசு கர்ப்பப் பதிவு எண்), எல்லா ஸ்கேனும் தேதி வரிசையில, முக்கியமா 11-14 வார ஸ்கேன். ஒரே நஞ்சான்னு உறுதி பண்றது அதுதான். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல். கர்ப்பப்பை அதிகமா விரிஞ்சதால பிரசவத்துக்குப் பின்னாடி சுருங்காம ரத்தம் கொட்டலாம், அதனால ரெண்டு யூனிட்டுக்கு ஏற்பாடு கேளுங்க, ரத்தம் தர ரெண்டு பேர் நம்பர் கையில இருக்கட்டும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தா திங்கட்கிழமையே சொல்லிடுங்க, இரும்புச்சத்தை நரம்பு வழியா ஏத்த நேரம் இருக்கு. பிறப்புப் பதிவு ரெண்டு தனித்தனி, ஒவ்வொருத்தர் பிறந்த நிமிஷத்தையும் அன்னைக்கே கேட்டு எழுதிக்கோங்க.