ஒரே கணக்கு, மூன்று விடை: மைனஸ் எண்ணைப் பிரதியிடும்போது எங்கே தப்பு?

அம்மாபேட்டை அம்மா:
வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தில் ஒரு கோவை: 2க² − க + 5. க = −3 எனில் மதிப்பு காண்க. (புத்தகத்தில் எக்ஸ், தமிழில் தட்டுவதால் க என்று போட்டிருக்கிறேன்.) அவள் போட்டால் −16. அண்ணனுடைய சயின்டிபிக் கால்குலேட்டரில் நான் தட்டினால் −10. பின்பக்க விடை 26. ராத்திரி பத்து மணி வரை இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். க = 3 என்றால் சரியாக 20 போடுகிறாள், மைனஸ் வந்தால்தான் தடுமாறுகிறாள். அவள் நோட்டில் இருப்பது:

2 × −3² − 3 + 5 = −18 − 3 + 5 = −16

ஆத்தூர் கணக்கு ஆசிரியர்:
26 தான் சரிங்க. நோட்டு வரியை அப்படியே போட்டது நல்லதாயிற்று, இரண்டு தப்பும் அதிலேயே தெரிகிறது. க² என்றால் க-வை க-ஆல் பெருக்குவது. க-வே −3 என்பதால் (−3) × (−3) = 9. அவள் 3-ஐ மட்டும் வர்க்கமாக்கி, மைனஸை முன்னால் ஒட்டிவிட்டாள். அப்புறம் '− க' இருக்கும் இடத்தில் கோவையின் மைனஸ் ஒன்று, எண்ணின் மைனஸ் ஒன்று. அதில் ஒன்றை விட்டுவிட்டாள். நீங்கள் கால்குலேட்டரில் இரண்டு மைனஸும் தட்டியிருக்கிறீர்கள், ஆனால் அடைப்புக்குறி போடவில்லை. அதனால் முதல் தப்பு மட்டும் நின்றுவிட்டது: −18 + 3 + 5 = −10.

எண்ணை எழுதும் முன்பே எழுத்து இருந்த இடத்தில் காலி அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள்: 2( )² − ( ) + 5. பிறகு உள்ளே −3. விடை 18 + 3 + 5 = 26. ப்ளஸ் எண்ணுக்கும் இதே பழக்கம் இருக்கட்டும். 2க-வில் க = 5 என்றால் 25 என்று எழுதும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஏற்காட்டுக்காரர்:
மைனஸைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று பிள்ளை கேட்டால், என் பையனுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஏற்காட்டில் 22 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வெப்பத்துக்கான கோவை 22 − 6.5உ (உ என்பது ஏற்காட்டிலிருந்து ஏறும் உயரம், கிலோமீட்டரில்). இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்தால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் கீழே, அதாவது உ = −1.2. போட்டுப் பாருங்கள்: 22 − 6.5(−1.2) = 22 + 7.8 = 29.8. அடிவாரம் நெருங்கும்போது பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறோமே, அந்தப் புழுக்கம்தான் இந்த 7.8.

அம்மாபேட்டை அம்மா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மலைக் கணக்கைச் சொன்னதும் "கீழே போனா சூடு கூடும்ல" என்று அவளே பிடித்துக்கொண்டாள். காலி அடைப்புக்குறி போட்டு ஆறு கணக்கு சரி. கடைசியில் −க², க = −3. அவள் −9 என்கிறாள். எக்செலில் =−(−3)^2 என்று தட்டினேன், 9 காட்டுகிறது. யார் சரி?

ஆத்தூர் கணக்கு ஆசிரியர்:
மகள்தான் சரி. கணிதத்தில் அடுக்கு முதலில், முன்னால் நிற்கும் மைனஸ் அப்புறம்: −(9) = −9. எக்செலின் விதி வேறு, தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் மைனஸை அடுக்குக்கு முன்பே எடுத்துக்கொள்ளும். =0−(−3)^2 என்று தட்டுங்கள், −9 வரும்.