இலங்கையிலை உருளைக்கிழங்கு கிண்டுற நேரத்திலை இறக்குமதி வரியைக் குறைக்கலாமோ?

செம்மண்:
போன போகம் ஆறு பரப்புக் காணியிலை கிழங்கு நட்டனான். விதைக்கிழங்கு வெளிநாட்டாலை வருது, டொலர் ஏறினால் அதுவும் ஏறும். இறைப்பு, பசளை, கூலி எல்லாம் என்ரை தலையிலை. கிண்டுற கிழமையிலை வரியைக் குறைச்சுப் பாகிஸ்தான் கிழங்கை இறக்கினால் யாபாரி எனக்கு என்ன விலை சொல்லுவான்? 1970களிலை மிளகாய், வெங்காயம், கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தேக்கை எங்கட அப்பு கல்வீடு கட்டினவர். 1977க்குப் பிறகு திறந்துவிட, தோட்டம் படுத்திட்டுது.

கடைக்காரன்:
அண்ணை, இறக்குமதியைக் கட்டுப்படுத்தின அதே காலத்திலை சனம் பாணுக்கு விடியக் காலமை வரிசையிலை நிண்டதையும் சொல்லுங்கோ. 2023 மார்கழியிலை இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிப்பாட்டினது. அரைக்கிலோ வாங்கிறவை கால்கிலோ கேட்டு வந்தவை. அவையின்ரை முகத்தைப் பாத்தனான் நான்.

செம்மண்:
அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன். அவன் கதவைச் சாத்தினால் எங்களுக்குச் சாப்பாடு எங்காலை? தோட்டக்காரன் நிண்டால்தானே! 2021 வைகாசியிலை இரசாயனப் பசளையைத் தடுத்தவை, கார்த்திகையிலை விட்டவை. இடையிலை போன போகத்தை ஆர் தருவினம்?

கிணத்தடி:
நான் தோட்டத்திலை கூலிக்குப் போறனான், கிழங்கு வாங்கிச் சமைக்கிறதும் நான்தான். வரி எவ்வளவு எண்டதை விடுங்கோ, எப்ப மாறுது எண்டதுதான் வயித்திலை அடிக்குது. 2007 சட்டத்தாலை வந்த விசேட பண்ட வரியை, அதுதான் வெளியாலை வாற சாப்பாட்டுச் சாமானுக்குப் போடுற வரியை, அரசாங்கத்தின்ரை ஒரு வர்த்தமானி அறிவித்தலோடை இரவிலை மாத்தலாம். நடுகை கார்த்திகை மார்கழி, கிண்டுறது மாசி பங்குனி. ஐப்பசியிலையே வரியைச் சொல்லி, பங்குனி முடியுமட்டும் தொடாமல் விடட்டும். விலை விழுந்தால் முதல் நிக்கிறது எங்கட கூலிதான்.

கடைக்காரன்:
முன்னுக்கே சொன்னால் பெரிய இறக்குமதிக்காரர் வாங்கிப் பதுக்குவினம், தங்கச்சி.

கிணத்தடி:
கிழங்கென்ன இரும்போ அண்ணை? குளிர் அறை இல்லாமல் எத்தனை மாதம் கிடக்கும்? இப்ப மட்டும் பதுக்காமலோ இருக்கினம்? வர்த்தமானி வர முந்தி அவைக்குத் தெரியுது, எங்களுக்குத்தான் தெரியாது.

செம்மண்:
சந்தையிலை 10 சதவீதக் கழிவையும் சேருங்கோ. 100 கிலோ கொண்டுபோனால் 90க்குத்தான் காசு. அந்த 10 கிலோவுக்கும் நான்தான் தண்ணி இறைச்சனான்.

கடைக்காரன்:
கழிவு அநியாயம், அதிலை உங்களோடை நிக்கிறன். ஆனா மாரியிலை மழை பயிரை அழிச்சால்? அப்பவும் பங்குனிமட்டும் வரியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதோ? அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன்.

கிணத்தடி:
அழிஞ்ச பரப்பைக் கமநலசேவை நிலையம் கணக்கெடுக்கட்டும். குறையிற அளவுக்கு மட்டும் வரியைக் குறைச்சு வெளிநாட்டுக் கிழங்கை இறக்கட்டும்.

செம்மண்:
அது சரி, பிள்ளை. விதைக்கிழங்குக்கு இப்ப முற்பணம் கேக்கினம். வரி தெரியாமல் ஆறு பரப்பு நட எனக்குத் துணிவில்லை. மூண்டு பரப்புக்குத்தான் காசு கட்டப் போறன்.