சரிவில் வீடு, மேலே மழை: மலைக்காரர்களின் அனுபவக் குறிப்புகள்

கோத்தகிரி, கட்டட மேற்பார்வை:
வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சரிவில் வீடு இருப்பவர்கள் எதைப் பார்க்கணும்? அவரவர் தொழிலில் கண்டதை அளவோடு எழுதுங்க. 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. தடுப்புச் சுவரில் நான் ஆரம்பிக்கிறேன்.

இங்கே சுவர் சாய்வதற்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். 3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் உச்சிவரை தண்ணீர் நின்றுவிட்டால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் நாலரை டன் தள்ளும். மண் தள்ளுவது தனிக் கணக்கு. அந்தத் தண்ணீர் வெளியே வரத்தான் வடிகால் துளை. 3 அல்லது 4 அங்குல பிவிசி குழாய், ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி, வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்த மாதிரி வைக்கணும். கீழ் வரிசை தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்கட்டும்.

குழாய் வைக்காத சுவர் இப்போ குறைவு. வைத்தும் வேலை செய்யாத சுவர்தான் அதிகம். தோண்டிய களிமண்ணையே பின்னால் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். இரண்டு மழையில் குழாய் வாய் அடைத்துவிடும். சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது). ஜல்லிச் செலவை மிச்சம் பிடிப்பவர் அடுத்த வருஷம் சுவரையே மறுபடி கட்டுவார்.

சோதிப்பது சுலபம். நல்ல மழை பெய்த மறுநாள் துளைகளைப் பாருங்க. தெளிந்த தண்ணீர் சொட்டினால் நல்லது. மேலே மண் ஊறிக் கிடக்க, துளை காய்ந்திருந்தால் அடைப்பு. நீளமான கம்பி விட்டுக் குத்திப் பாருங்க. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்.

குன்னூர், தேயிலைத் தோட்டம்:
சுவருக்கு மேலே கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்துக்குங்க. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர். அது அப்படியே பின்பக்க மண்ணில் விழுந்தால் எந்தச் சுவரும் தாங்காது. கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் தகர வாய்க்கால், அங்கிருந்து குழாய், குழாயின் முனை ஓடையிலோ சிமென்ட் வாய்க்காலிலோ போய் முடியணும். செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழியைச் சுவரின் தலைமாட்டில் வைப்பது அதைவிட மோசம், மழையே இல்லாத நாளிலும் மண்ணை ஊறவைக்கும்.

மழையை வீட்டிலேயே அளங்க. ஊட்டி நிலவரம் குன்னூருக்குப் பொருந்தாது, குன்னூர் நிலவரம் பக்கத்திலுள்ள கேத்திக்கே பொருந்தாது. 2009 நவம்பர் 10-ல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது. வாய் விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் ஒன்றை பாட்டிலில் செருகுங்க. அதன் பரப்பு 100 சதுர செ.மீ., ஆகவே 10 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக்கடை அளவுக் குப்பியே போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்தால் வானிலை மையக் கணக்கோடு ஒப்பிடலாம்.

கேள்வி (ஊட்டி):
எத்தனை மி.மீ. ஆனால் கிளம்பணும்?

குன்னூர், தேயிலைத் தோட்டம்:
எல்லா மலைக்கும் ஒரே எண் கிடையாது. இலங்கை மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்று வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். நமக்கு அது ஒரு கைகாட்டி, அவ்வளவுதான். முந்தைய மூன்று நாலு நாள் மழையில் மண் ஏற்கெனவே குடித்திருந்தால், அதைவிடக் குறைந்த மழையே போதும்.

மூணாறு, தோட்டத் தொழிற்சங்கம்:
நீங்க சுவரையும் கூரையையும் பேசுறீங்க, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவனுக்கு இடத்தைத் தேர்வு செய்யவே வாய்ப்பில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மண் பெயர்ந்தது லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் அல்ல, வெகுதூரம் மேலே. அது ஓடைத் தடத்தைப் பிடித்து இறங்கியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, வெளியே சேதி தெரிந்ததே மறுநாள் காலையில்தான்.

அதனால் வீட்டின் பின்சுவரை மட்டும் பார்க்காதீங்க. சரிவில் மேலிருந்து கீழே குழிந்து வரும் பள்ளத் தடங்களைப் பாருங்க. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும்; மேலே பெயர்ந்தால் கல்லும் மரமும் வருகிற வழி அதுதான். தடத்தின் வாயில், தரை திடீரென்று விரிந்து சமமாகிற இடத்தில் பெரிய பாறைகள் சிதறிக் கிடந்தால், முன்பும் அங்கே வந்திருக்கிறது. சமதளம் என்று அங்கேதான் லயம் கட்டுவார்கள்.

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால் சந்தோஷப்படாதீங்க. மேலே அடைத்துக்கொண்டது, உடைத்துக்கொண்டு வரும். அந்த நிமிஷமே கிளம்பணும். ஓடை போகும் திசையில் ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறணும். சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது.

கூடலூர், மண் வேலை:
தரையில் விரிசல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லலையே. விரிசலின் இரு பக்கமும் இரும்புக் கம்பி ஒவ்வொன்று அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தேதியோடு எழுதிவைங்க. மழை நாளில் காலை மாலை அளங்க. தூரம் கூடிக்கொண்டே போனால், அதிலும் முந்தைய நாளைவிட வேகமாகக் கூடினால், அளப்பதை விட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றுங்க, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்க. கூடாமல் நின்றால் விரிசலுக்குள் களிமண்ணைத் திணித்து, மேலே தார்ப்பாய் விரித்து, ஓரங்களுக்கு மண் மூட்டை வைங்க. சிமென்ட் பால் ஊற்றுவது வீண், அடுத்த அசைவில் பிளந்துவிடும்.

வெட்டிவேர் பற்றிக் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் மேல்மண் அரிப்பை நன்றாகத் தடுக்கும். அதற்கும் கீழே, ஆழத்தில் பெயரும் மண்ணை வெட்டிவேர் பிடிக்காது. உறைபனி விழும் இடத்தில் மெதுவாகத்தான் பிடிக்கும்.

கோத்தகிரி, கட்டட மேற்பார்வை:
சரிவின் அடியை வெட்டிக் கார் நிறுத்த இடம் பண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொக்லைன் விட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒருபக்கம். அனுமதி இருந்தாலும் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டாதீங்க. மூணு மீட்டர் வெட்டி, சுவர் எழுப்பி, ஜல்லி நிரப்பி, பிறகு ஒரு மூணு மீட்டரை விட்டு அடுத்ததை வெட்டுங்க. செப்டம்பருக்குள் முடியாது என்று தெரிந்தால் இந்த வருஷம் ஆரம்பிக்கவே வேண்டாம், ஜனவரிக்குத் தள்ளிப்போடுங்க.