இணைப்பு கணக்கில் ஏறியது, தண்ணீர் ஏறவில்லை: எங்கள் கிராம சபையில் நடந்தது

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் எல்லா வீடுகளுக்கும் குடிநீர் கிடைத்துவிட்டது என்று எங்கள் கிராம சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டிய கட்டம் வந்தபோது நடந்தவற்றை எழுதுகிறேன். அரசின் கொள்கையைக் கேள்வி கேட்பது என்றாலே சட்டமன்றமும் தொலைக்காட்சி விவாதமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வாக்காளராகப் பதிவு பெற்ற எவரும் உட்கார்ந்து கேட்கக்கூடிய இடமான கிராம சபையில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதும் எழுந்து போய்விடுகிறோம்.

இத்திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. 2024-க்குள் ஊரகப் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பு என்பது அப்போதைய இலக்கு. அப்போது மதிப்பிடப்பட்ட செலவு 3.60 லட்சம் கோடி ரூபாய். தொடக்கத்தில் ஏறத்தாழ 3.23 கோடி ஊரக வீடுகளில் மட்டுமே இருந்த இணைப்பு, சில ஆண்டுகளில் 15 கோடி வீடுகளைத் தாண்டியது. இது பெரிய வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழிகாட்டு நெறிமுறை சொல்லும் இலக்கு குழாயோடு நிற்பதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம், நிர்ணயிக்கப்பட்ட தரத்தில், தடையின்றி நீண்டகாலம் தண்ணீர் வரவேண்டும் என்கிறது. அரசின் அறிவிப்புகளிலும் தேர்தல் மேடைகளிலும் பேசப்படுவதோ இணைப்புகளின் எண்ணிக்கை மட்டும்தான். துறை தரும் அறிக்கையோடு முடித்துவிடாமல், கிராம சபை தீர்மானம் போட்டு உறுதி செய்த பிறகே ஊர் சான்று பெறும் என்று விதித்திருப்பதை இத்திட்டத்தின் மிக நல்ல கூறாக நான் கருதுகிறேன்.

அக்டோபர் 2 அன்று கூடிய சபையில் அந்தத் தீர்மானம் மற்ற தீர்மானங்களோடு சேர்த்து வேகமாக வாசிக்கப்பட்டது. ஊரின் மேட்டுப் பகுதியில் குடியிருக்கும் ஒரு பெண் எழுந்து, "எங்க தெருக் குழாயில காத்துதான் சார் வருது, அதையும் எழுதிக்குங்க" என்றார். இணைப்பு கொடுத்தது உண்மைதானே, தீர்மானம் போகாவிட்டால் ஊராட்சிக்குத்தான் கெட்ட பெயர் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. நான் வழிகாட்டு நெறிமுறையின் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டியவுடன், மாநிலத்தில் ஆளும் கட்சியைக் குறைசொல்லவே இதைக் கிளப்புகிறேன் என்றார் ஒருவர். மத்திய அரசின் திட்டத்தைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்றார் இன்னொருவர். செலவில் மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் பாதிப்பாதி ஏற்கும் திட்டம் இது. பெயர் கிடைக்கும்போது இருவரும் முன்னே வருவதும், குறை வரும்போது ஒருவர் மற்றவரைக் காட்டுவதும் இப்படிப்பட்ட எல்லாத் திட்டங்களிலும் நடக்கிறது. இதில் கட்சிச் சார்பு நம் கண்ணை மறைத்துவிட்டால், யாரிடம் கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, தண்ணீர் எட்டாத தெருக்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, அவை நீங்கலாக மற்றப் பகுதிகளுக்கு மட்டும் பணி நிறைவு பெற்றதாகத் தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது. அதைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே நாங்கள் கையெழுத்திட்டோம். தொடர்ந்து வந்த வாரங்களில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தண்ணீர் வந்த நேரத்தையும், பிடித்த குடங்களையும் ஒரு நோட்டில் குறித்து வந்தார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம் வரவேண்டும். மேட்டுத் தெருக்களில் அதில் பாதிகூட எந்த நாளிலும் வரவில்லை.

இதற்கிடையே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். இதுபற்றி ஒன்று சொல்ல வேண்டும்: "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது, ஏனெனில் அலுவலகத்தில் இருக்கும் பதிவைத் தருவதற்குத்தான் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதே தவிர, விளக்கம் சொல்வதற்கு அல்ல. ஆகவே திட்ட மதிப்பீடு, முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவீட்டுப் புத்தகம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். 30 நாட்களில் பதில் வராததால் முதல் மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகே நகல்கள் வந்தன.

அவற்றில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. குழாய் பதிப்பதும் வீட்டு இணைப்பு கொடுப்பதும் ஒரு மதிப்பீடு. அது எழுதியபடியே முடிந்திருந்தது. புதிய ஆழ்துளைக் கிணறும் மேட்டுப் பகுதிக்கான தொட்டியும் வேறொரு மதிப்பீடு. அது ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. முதலாவது முடிந்ததை வைத்து ஊர் முழுமை பெற்றதாக அறிக்கை போயிருந்தது. எந்த அலுவலரும் தனியாகத் தவறு செய்ததாகச் சொல்ல முடியாத இந்த அமைப்பில், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. ஊழலைத் தேடி மட்டும் ஆவணங்களைப் படிப்பவர்கள் இதைத் தவறவிடக்கூடும்.

ஜனவரி 26 கூட்டத்தில் அந்த நகல்களையும் குடக் கணக்கு நோட்டையும் வைத்தோம். இந்த முறை யாரும் கட்சியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது மதிப்பீடு யாருடைய மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுத்துப்பூர்வமான பதில் கேட்டுத் தீர்மானம் போட்டோம். சில மாதங்களில் கிணறு தோண்டப்பட்டது. தொட்டிக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. உங்கள் ஊர் ஏற்கெனவே சான்று பெற்றிருந்தால், அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் எந்தெந்தத் தெருக்கள் அடங்கும் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.