விண்வெளி நிலையப் படத்தில் வெள்ளைக் கோடுகள், ஹடீடா பறவையா காரணம்?

சாட்ஸ்வர்த் மாடி:
வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். நேற்று மாலை விண்வெளி நிலையத்திலிருந்து எஸ்எஸ்டிவி படங்கள், அதாவது ஒலியாக மாற்றி ரேடியோவில் வரி வரியாக அனுப்பும் படங்கள், வந்தன. கை ரேடியோவை 145.800 மெகாஹெர்ட்ஸில் வைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்து அந்த ஒலியைப் படமாக்கும் ரோபாட் 36 செயலியில் எடுத்தேன். நிலையம் தலைக்கு மேல் போன பத்து நிமிடத்தில் இரண்டு படம். முதல் படத்துக்கு மேல் பாதியே இல்லை. இரண்டாவது முழுசாக வந்தது, ஆனால் ஒரு பக்கம் சரிந்து, நடுவில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கூரையில் இரண்டு ஹடீடா உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தின. அதனாலா? என் மகளுக்கு ஆறு வயது. படம் வரி வரியாக இறங்குவதை அசையாமல் பார்த்தாள். அவளுக்கு ஒரு நல்ல படம் எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் பழைய ரேடியோ:
தம்பி, ஹடீடாவேதான். இதில் வெளிச்சம் முழுக்கச் சுருதிதான்: 1500 ஹெர்ட்ஸ் கறுப்பு, 2300 வெள்ளை, 1200 கேட்டால் புது வரி. போன் மைக்குக்கு ரேடியோ எது, பறவை எது என்று தெரியாது. எங்கள் வீட்டுக் குக்கர் விசிலும் இப்படி ஒரு படத்தில் விழுந்திருக்கிறது. ஒயர் போட்டு ரேடியோவிலிருந்து நேராகப் பதிவு செய்யுங்கள். சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் சிக்னல் மங்கும் இடத்தில் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும், அந்த வரிகள் போனதுதான். பதிவு கையில் இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் படமாக்கலாம். சரிவுக்குக் காரணம் வேறு: அனுப்புகிற கடிகாரமும் உங்கள் போனின் கடிகாரமும் துளி ஒத்துப்போகவில்லை. கணினியில் எம்எம்எஸ்எஸ்டிவி என்ற மென்பொருளில் போட்டால் நிமிர்த்திவிடலாம்.

ஃபீனிக்ஸ் அக்கா:
மேல் பாதி போனதற்கு வருந்தாதீர்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. நிலையம் அடிவானத்தில் ஏறும்போதே அது பாதி ஓடியிருக்கும். ஆன்டெனாவை நட்டமாகவே பிடிக்காமல், சாய்த்துத் திருப்பி, இரைச்சல் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம், நீங்களும் படம் அனுப்ப ஆசைப்பட்டால் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி, நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான இக்காசாவிடம் உரிமம் வாங்குங்கள். 14.230 மெகாஹெர்ட்ஸில் மொரீஷியஸ் நண்பர் ஒருவர் அனுப்பிய தைப்பூசக் காவடிப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மயில் இறகின் நீலம் வரி வரியாக வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாட்ஸ்வர்த் மாடி:
பெரியவருக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. இன்று ஒயர் போட்டுப் பதிவு செய்தேன். ஹடீடா கத்தத்தான் செய்தது, படத்தில் ஒரு கோடு இல்லை. கடைசிப் பத்து வரி மட்டும் மணல் தூவியது போல இருக்கிறது, நிலையம் கடல் பக்கம் இறங்கிவிட்டது. மகள் அச்செடுத்துத் தரச் சொல்லி நிற்கிறாள்.