சோபினின் இ மைனர் பிரிலூட்: நால்வர் வாசித்தால் தையல் மிஷின் சத்தம் வருகிறது, உதவுங்கள்

வணக்கம். சோபினின் ஓபஸ் 28இல் 4ஆவது பிரிலூட் (சின்னப் பியானோ இசைத்துண்டு), மொத்தமே 25 பார் (தாளக் கட்டம்). இரண்டு வயலின், வயோலா, செல்லோவுக்கு நானே பிரித்து எழுதினேன். மெலடி முதல் வயலினுக்கு, பியானோவில் இடது கை வாசிக்கும் மூன்று சுர கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு சுரம். பியானோவில் கேட்டால் நெஞ்சைப் பிசைகிறது, நாங்கள் வாசித்தால் தையல் மிஷின் ஓடுகிறது. அடியில் கனம் போதவில்லையோ என்று செல்லோவை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கினேன், இன்னும் மோசம்.

பதில் 1: முதலில் செல்லோவைப் பழைய இடத்துக்கே ஏற்றுங்கள். முதல் கார்டின் அடிச்சுரம் ஜி, அதாவது வயலினின் நான்காவது தந்தியை வெறுமனே இழுத்தால் வருகிற அதே சுரம். அவ்வளவு உயரத்தில்தான் சோபின் தொடங்குகிறார், கீழ்க்கனத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். நீங்கள் அதை முதல் பாரிலேயே செலவழித்துவிட்டீர்கள். அப்புறம், ஒரு பாரில் வரும் எட்டு கார்டுக்கும் எட்டு முறை வில்லைத் திருப்புகிறீர்களா?

கேட்டவர்: ஆமாம் சார், மேல் ஒன்று கீழ் ஒன்று.

பதில் 1: அங்கேதான் மிஷின். வேகம் லார்கோ (மிக மெதுவாக) என்றாலும் தாளக்குறி வெட்டுக்கோடு போட்ட சி, பாருக்கு இரண்டே அடி. அதனால் ஒரு வில்லில் நான்கு கார்டு. வில்லைத் தந்தியிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லைப் பிடித்த விரலால் லேசாக ஒரு அழுத்தம், உடனே தளர்வு. பியானோவில் ஓசை அறுபடாமல் பெடல் செய்கிற வேலையை இங்கே வில் செய்ய வேண்டும்.

பதில் 2: இன்னொன்று. கார்டு மாறும்போது பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் அரைச்சுரம் இறங்குவார்கள், மற்றவர் அங்கேயே நிற்பார். இறங்குகிறவர் மட்டும் கொஞ்சம் வெளியே தெரியட்டும். முதல் வயலினை உட்காரவைத்துவிட்டு மூவர் மட்டும் வாசித்துப் பாருங்கள், எங்கள் குழுவில் இப்படிச் செய்த பிறகுதான் வயோலாக்காரருக்கே தன் வரி ஒரு பாட்டு என்று புரிந்தது.

கேட்டவர்: நேற்று மாலை செய்து பார்த்தோம், மிஷின் நின்றுவிட்டது! ஆனால் ஸ்ட்ரெட்டோ (வேகத்தை நெருக்கும் குறி) வருகிற 16, 17ஆம் பாரில் சத்தமும் ஏற வேண்டும், ஒரு வில்லில் நான்கு போதவில்லை.

பதில் 1: அங்கே இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அடங்கும்போது மறுபடி நான்கு. 23ஆம் பாரில் ஃபெர்மாட்டா (நீட்டி நிறுத்தும் குறி) ஓய்வின் மேல் இருக்கிறது, யாரும் வில்லை அசைக்க வேண்டாம்.